புருஷன் அமெரிக்கன் ஆர்மி, பொண்டாட்டி நீலகிரி: விசா, கிரீன் கார்டு பத்தி அடிக்கடி கேட்கிற கேள்விகள்

குன்னூர்ல "வீட்டுக்காரர் ஆர்மி"ன்னு சொன்னா எல்லாரும் வெலிங்டன்ல இருக்கற இந்திய ராணுவத்தோட எம்ஆர்சியைத்தான் (மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர்) நினைப்பாங்க. இப்ப கொஞ்ச வருஷமா இன்னொரு வகை ஆர்மி குடும்பமும் நம்ம மலைல இருக்கு. படிக்கப் போன இல்ல வேலைக்குப் போன நம்ம பையன் அங்கயே அமெரிக்க ராணுவத்துல சேர்ந்திருப்பான், பொண்ணு இங்க கோத்தகிரியிலயோ அருவங்காட்டுலயோ தாலியோட உட்கார்ந்து விசாவுக்குக் காத்துட்டு இருக்கும். 2009ல மாவ்னின்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, கிரீன் கார்டு இல்லாதவங்களையும் மொழித் திறமைக்காக ராணுவத்துல எடுத்தாங்க, அந்த மொழி லிஸ்ட்ல தமிழும் இருந்துச்சு. 2016ல அது நின்னுடுச்சு, ஆனா கிரீன் கார்டோட சேர்றவங்க இன்னும் இருக்காங்க.

இந்தப் பொண்ணுங்களுக்கு ஃபாரம் நிரப்பக் கூட உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு வந்த கேள்விகளைத்தான் கீழ எழுதியிருக்கேன். நான் வக்கீல் இல்ல. சிக்கலான கேஸ்னா இமிக்ரேஷன் வக்கீலைப் பாருங்க, வீட்டுக்காரர் இருக்கற ராணுவ முகாம்லயே (பேஸ்னு சொல்வாங்க) லீகல் அசிஸ்டன்ஸ் ஆபீஸ் இருக்கும், அங்க ஃபீஸ் கிடையாது. இதைச் சொன்னாலும் பாதிப் பேர் அங்க போகாம ஏஜென்ட்டுக்குத்தான் காசு கொடுக்கறாங்க.

வீட்டுக்காரர் ஆர்மில இருக்கறதால எனக்கு விசா சீக்கிரம் கிடைக்குமா அக்கா?

இந்த ஒரு கேள்விதான் எல்லாரும் முதல்ல கேட்பாங்க, மாமியார் வீட்லயும் இப்படித்தான் சொல்லி வெச்சிருப்பாங்க. பொதுவா கிடைக்காதுங்க. ஐ-130 மனு (உங்களுக்காக அவர் போடற உறவு மனு), அப்புறம் பேப்பர் எல்லாம் வாங்கிச் சரிபார்க்கிற நேஷனல் விசா சென்டர், அப்புறம் மும்பை அமெரிக்கத் தூதரகத்துல இன்டர்வியூன்னு மத்த பொண்டாட்டிங்க நிக்கிற அதே வரிசைலதான் நீங்களும் நிக்கணும். எல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்தைத் தாண்டறது சகஜம்.

ஆர்மின்றதால கிடைக்கிறது சில சலுகைகள். வருமானக் கணக்குல தளர்வு உண்டு, வெளிநாட்டு போஸ்டிங் வந்தா சிட்டிசன்ஷிப்ல சில தனி வழிகள் உண்டு, இமிக்ரேஷன் ஆபீஸுக்குன்னே ராணுவக் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு ஹெல்ப்லைன் உண்டு (877-247-4645, அமெரிக்காவுக்குள்ள இருந்து கூப்பிடற நம்பர், வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொல்லுங்க). டிப்ளாய்மென்ட் (அவரை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பறது) மாதிரி காரணம் இருந்தா சீக்கிரம் பாருங்கன்னு எக்ஸ்பிடைட் கோரிக்கை போடலாம், ஆர்டர் காப்பியோட. கொடுக்கறதும் கொடுக்காததும் அவங்க இஷ்டம்.

அவர் சிட்டிசனா, கிரீன் கார்டான்னு எனக்கே சரியாத் தெரியாது, அது முக்கியமா?

ரொம்ப முக்கியம்ங்க, இன்னைக்கே போன் பண்ணிக் கேளுங்க. ராணுவத்துல இருக்கறதால எல்லாரும் சிட்டிசன்னு நாம நினைச்சுக்கறோம், ஆனா கிரீன் கார்டோடயே சேரலாம். அவர் சிட்டிசன்னா நீங்க நெருங்கிய உறவுன்ற பிரிவுல வருவீங்க, அதுக்கு வருஷத்துக்கு இத்தனை பேர்தான்ற கோட்டா கிடையாது. அவர் கிரீன் கார்டுன்னா நீங்க எஃப்2ஏ பிரிவு, அதுக்குக் கோட்டா உண்டு, மாசா மாசம் அமெரிக்க அரசு போடற விசா புல்லட்டின்ல எந்தத் தேதில மனு போட்டவங்க வரைக்கும் முறை வந்திருக்குன்னு பார்த்துட்டு இருக்கணும்.

நல்ல விஷயம் என்னன்னா, 2001 செப்டம்பர் 11க்கு அப்புறமான காலத்துல நேர்மையா சேவை செய்யறவங்களுக்கு சிட்டிசன்ஷிப் வழி சுருக்கம், அஞ்சு வருஷம் காத்திருக்க வேண்டியதில்ல, அவருக்கு அப்ளிகேஷன் ஃபீஸும் இல்ல. யூனிட்ல என்-426ன்னு ஒரு ஃபாரம்ல சேவையை உறுதிப்படுத்திக் கையெழுத்து வாங்கி என்-400ஓட (சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன்) போடணும், அவ்வளவுதான். இதை ஏன் தள்ளிப் போடறாங்கன்னு எனக்குப் புரியறதே இல்ல. ஐ-130ஐ கிரீன் கார்டுலயே போட்டு வெச்சிருந்தாலும் பரவால்ல, நடுவுல அவர் சிட்டிசன் ஆனா அந்த சர்டிபிகேட்டை அனுப்பி பிரிவை மாத்திக்கலாம், புதுசா முதல்ல இருந்து ஆரம்பிக்கத் தேவையில்ல.

லீவு கிடைக்கல, வீடியோ கால்லயே கல்யாணம் பண்ணிக்கலாமா?

வேணாம். ரெண்டு பேரும் ஒரே இடத்துல இல்லாம நடந்த கல்யாணத்தை அமெரிக்க இமிக்ரேஷன் சட்டம் கல்யாணமா எடுத்துக்காது, அதுக்கு அப்புறம் நேர்ல சேர்ந்து கணவன் மனைவியா வாழ்ந்திருந்தாத்தான் கணக்கு. ஆன்லைன்ல சர்டிபிகேட் கொடுக்கற இடம் அமெரிக்காவுலயே இருக்கு, சர்டிபிகேட் செல்லும், விசாவுக்கு மட்டும் உதைக்கும். எப்படியும் அவர் ஒரு தடவை வரணும், இல்ல நீங்க வேற நாட்டுல போய்ச் சந்திக்கணும், அதுக்கான டிக்கெட், பாஸ்போர்ட் ஸ்டாம்ப் எல்லாத்தையும் பத்திரமா வெச்சுக்கணும்.

நிச்சயம் மட்டும் பண்ணிட்டு கே-1 பியான்சே விசால போறதும் ஒரு வழி. அதை சிட்டிசன் மட்டும்தான் போட முடியும், கடைசி 2 வருஷத்துக்குள்ள நேர்ல பார்த்திருக்கணும், போய் இறங்கி 90 நாளுக்குள்ள கல்யாணம் பண்ணியாகணும். அப்புறம் கிரீன் கார்டுக்கு அங்க தனி அப்ளிகேஷன், தனி செலவு. நம்ம வீடுகள்ல கல்யாணம் பண்ணாம பொண்ணை ஃப்ளைட் ஏத்தறதுக்கு எத்தனை பேர் சம்மதிப்பாங்கன்றது வேற விஷயம்.

கல்யாணத்தை எங்க ரிஜிஸ்டர் பண்ணணும், எவ்வளவு நாள் ஆகும்?

ரெண்டு பேரும் இந்துன்னா இந்து திருமணச் சட்டத்துல நம்ம சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்லயே பண்ணிக்கலாம், மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகனா இருக்கறது அதுக்குத் தடை இல்ல. தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எந்த மதக் கல்யாணமா இருந்தாலும் 90 நாளுக்குள்ள பதிஞ்சே ஆகணும். மண்டபப் பத்திரிக்கை, கோயில் ரசீது, சர்ச் சர்டிபிகேட் இதெல்லாம் கூட வெச்சுக்கற பேப்பர்தான், மும்பைல கேட்கறது அரசாங்கம் கொடுத்த மேரேஜ் சர்டிபிகேட்.

வேற வேற மதம்னா ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட். அங்கதான் ஆர்மிக்காரங்களுக்குச் சிக்கல். ஒருத்தராவது அந்த மாவட்டத்துல 30 நாள் குடியிருந்திருக்கணும் (அது நீங்க இருக்கீங்க, சரி), ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் கொடுக்கணும், நோட்டீஸ் 30 நாள் ஒட்டியிருக்கும், அதுக்கு அப்புறம்தான் கல்யாணம். அமெரிக்க சோல்ஜருக்கு வருஷம் பூரா சேர்ந்தே லீவு 30 நாள்தான். அதனால டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல நேர்ல போய்ப் பேசுங்க, நோட்டீஸ் எப்படிக் கொடுக்கணும், மாப்பிள்ளை எத்தனை தடவை வரணும்னு தெளிவாக் கேட்டு எழுதிட்டு வாங்க. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு அப்புறம் போய் முழிக்கிறவங்க நிறைய.

மாப்பிள்ளை பக்கமும் வேலை இருக்கு. வெளிநாட்டுக்கு லீவுல வரணும்னா கமாண்ட் சம்மதம் வேணும். செக்யூரிட்டி கிளியரன்ஸ் இருக்கறவர்னா வெளிநாட்டுப் பொண்ணைக் கட்டிக்கப் போறதை முறைப்படி ரிப்போர்ட் பண்ணணும், மறைச்சா அவர் வேலைக்கே ஆபத்து. "கல்யாணம் முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்"ன்னு அவர் சொன்னா ஒத்துக்காதீங்க.

என் பேர் ஒவ்வொரு சர்டிபிகேட்லயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு, பரவால்லயா?

இதுலதான் நம்ம ஊர் கேஸ் பாதி மாட்டுது, கொஞ்சம் நிதானமாப் படிங்க.

உதாரணத்துக்கு ஒரு பொண்ணு பேர் கௌரி, அப்பா பேர் ராமன்னு வெச்சுக்குவோம். பத்தாவது மார்க் ஷீட்ல "கௌரி ஆர்". ஆதார்ல "கௌரி ராமன்". பாஸ்போர்ட்ல கிவன் நேம் கட்டத்துல கௌரி, சர்நேம் கட்டம் காலி. மேரேஜ் சர்டிபிகேட்ல "ஆர். கௌரி". நமக்கு இது நாலும் ஒரே ஆள், இனிஷியல்னா என்னன்னு நமக்குத் தெரியும். அமெரிக்கக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சர்நேம் காலியா இருந்தா அவங்க கௌரியைத் தூக்கி சர்நேம்ல போட்டுட்டு முதல் பேர் இடத்துல "எஃப்என்யூ"ன்னு அடிப்பாங்க, முதல் பேர் தெரியலைன்னு அர்த்தம். அந்த எஃப்என்யூ விசாவோட நிக்காது, கிரீன் கார்டு, சோஷியல் செக்யூரிட்டி, டிரைவிங் லைசென்ஸ், மிலிட்டரி ஐடின்னு எல்லாத்துலயும் கூடவே வரும், அங்க ஆஸ்பத்திரில உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடறப்போ "ஃப்னூ கௌரி"ன்னு கூப்பிடுவாங்க, நீங்க யாரையோ கூப்பிடறாங்கன்னு உட்கார்ந்திருப்பீங்க.

அதனால ஐ-130 போடறதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ போட்டு கிவன் நேம் கௌரி, சர்நேம் ராமன்னு பிரிச்சு வாங்கிடுங்க. நம்ம மாவட்டத்துக்கு கோயம்புத்தூர் பாஸ்போர்ட் ஆபீஸ்தான். புருஷன் பேரை சர்நேமா மாத்தறதா வேணாமான்றது உங்க இஷ்டம், சட்டம் கட்டாயப்படுத்தல. என்னைக் கேட்டா அப்பா பேரையே விடுங்கன்னுதான் சொல்வேன், படிச்ச சர்டிபிகேட் எல்லாத்தோடயும் ஒத்துப் போகும். மேரேஜ் ரிஜிஸ்டர் பண்றப்போ பாஸ்போர்ட்ல இருக்கற எழுத்தை அப்படியே எழுதச் சொல்லி நின்னு பார்த்து வாங்குங்க, கௌரிக்கு "ஓடபிள்யூ" போட்டாங்களா "ஏயூ" போட்டாங்களான்னு அங்கயே பார்க்கணும். மீதி பழைய பேப்பர்ல இருக்கற வித்தியாசத்துக்கு இந்த எல்லாப் பேரும் ஒரே ஆள்தான்னு ஒரு அபிடவிட் போட்டு வெச்சுக்கலாம்.

பர்த் சர்டிபிகேட்ல பேரே இல்ல, "பெண் குழந்தை"ன்னு மட்டும் இருக்கு.

எஸ்டேட் ஆஸ்பத்திரில பிறந்தவங்களுக்கும் வீட்லயே பிறந்தவங்களுக்கும் இது சாதாரணம். பிறப்பு பதிஞ்ச நகராட்சி இல்ல பஞ்சாயத்து ஆபீஸ்ல இப்ப பேர் சேர்க்க முடியுமான்னு கேட்டு அப்ளிகேஷன் கொடுங்க. பதிவே இல்லைன்னா பதிவு இல்லைன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கி, கூட உங்க பிறப்பு தெரிஞ்ச பெரியவங்க அபிடவிட், ஸ்கூல் சர்டிபிகேட் வைக்கணும். தமிழ்ல மட்டும் இருக்கற பேப்பருக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணும், மொழிபெயர்த்தவர் எனக்கு ரெண்டு மொழியும் தெரியும், இது சரியான மொழிபெயர்ப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்.

அவர் சம்பளம் கம்மி, இப்பதான் சேர்ந்திருக்கார். ஸ்பான்சர் பண்ண முடியுமா?

முடியும், ஆர்மின்றதோட உண்மையான லாபம் இதுதான். ஐ-864ன்னு ஒரு உறுதிப் பத்திரம் அவர் கொடுக்கணும், உங்களை நான் பார்த்துக்கறேன், அரசாங்கத்துக்குச் சுமையா விடமாட்டேன்னு. மத்தவங்களுக்கு வறுமைக் கோடு அளவுல 125 சதவீத வருமானம் காட்டணும், ஆக்டிவ் டியூட்டில இருக்கறவர் பொண்டாட்டியையோ சின்னப் பிள்ளையையோ கூப்பிட்டா 100 சதவீதம் போதும். ரிசர்வ், நேஷனல் கார்டுல இருந்து ஆக்டிவ்ல இல்லாதவருக்கு இந்தத் தளர்வு கிடையாது.

செலவு எவ்வளவுன்னு கேட்பீங்க. 2024 ஏப்ரல்ல ஏத்துன ரேட்ல ஐ-130 ஆன்லைன்ல போட்டா 625 டாலர், பேப்பர்ல 675. விசா சென்டர்ல 325ம் 120ம். கடைசில விசா கைக்கு வந்ததும் 235. மெடிக்கல், மும்பைப் பயணம் தனி. ஃபீஸ் அப்பப்ப ஏறும், கட்டற அன்னைக்கு அரசு வெப்சைட்ல பார்த்துக்கோங்க. ராணுவக் குடும்பம்னு ஐ-130 ஃபீஸ்ல தள்ளுபடி எதுவும் இல்ல.

நாங்க சேர்ந்தே இருந்ததில்ல, கல்யாணம் முடிஞ்சு அவர் பத்து பதினஞ்சு நாள்ல கிளம்பிட்டார். உண்மையான கல்யாணம்னு எப்படி நிரூபிக்கறது?

போட்டோ ஆல்பத்தையே நம்பி இருக்காதீங்க. கல்யாண போட்டோ வேணும், கூட்டத்தோட, ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் இருக்கற மாதிரி, படுகர் ஹெத்தை பண்டிகைக்கு சேர்ந்து போனது, ஊட்டி லேக்ல எடுத்தது எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வைக்கலாம். ஆனா ஆர்மிக்காரர் கைல இதைவிடக் கனமான பேப்பர் இருக்கு, நிறையப் பேருக்கு அது தெரியறதில்ல.

ஒண்ணு டீர்ஸ். ராணுவக் குடும்பப் பதிவேடு அது, அதுல உங்களைப் பொண்டாட்டின்னு சேர்க்க கிரீன் கார்டு தேவையில்ல, மேரேஜ் சர்டிபிகேட், பாஸ்போர்ட், பர்த் சர்டிபிகேட் வெச்சு அவர் போய்ப் பதியணும். அப்புறம் எஸ்ஜிஎல்ஐன்ற ராணுவ இன்சூரன்ஸ், 2023 மார்ச்ல இருந்து அதிகபட்சம் 5 லட்சம் டாலர், அதுல பெனிஃபிஷியரியா உங்க பேர். அப்புறம் அவர் சம்பளச் சீட்டு, எல்இஎஸ்னு சொல்வாங்க, அதுல குடும்பம் உள்ளவருக்கான வீட்டு அலவன்ஸ் வர்றது தெரியும். பொய்க் கல்யாணம் பண்றவன் இன்சூரன்ஸை பொண்டாட்டி பேருக்கு எழுதமாட்டான்னு ஆபீசருக்கும் தெரியும். அதோட மாசா மாசம் அவர் பணம் அனுப்பின பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் கால் லிஸ்ட்ல இருந்து மாசத்துக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட். மொத்த சாட்டையும் பிரின்ட் எடுத்து மூட்டை கட்டாதீங்க, யாரும் படிக்கமாட்டாங்க, உங்க மானம்தான் போகும்.

இன்னொண்ணும் பாருங்க. இன்சூரன்ஸ்ல பேர் போடச் சொன்னா இழுத்தடிக்கறவர், டீர்ஸ்ல சேர்க்காம இருக்கறவர்னா அது விசாப் பிரச்சினை இல்ல, வேற பிரச்சினை.

டூரிஸ்ட் விசால போய் அங்கயே கார்டு வாங்கிக்கலாம்னு சொல்றாங்களே?

சொல்றவங்க கூட வந்து பதில் சொல்லமாட்டாங்க. புருஷன் அங்க இருக்கார், மனு ஓடிட்டு இருக்குன்னா டூரிஸ்ட் விசா கிடைக்கறதே கஷ்டம், திரும்பி வருவீங்கன்னு நம்பமாட்டாங்க. இருக்கறதை மறைச்சு வாங்கினா அது பொய், அந்தப் பொய் ஃபைல்ல ஆயுசுக்கும் இருக்கும்.

ஏற்கனவே படிப்பு இல்ல வேலை விசால அங்க இருந்துட்டு அங்கயே கல்யாணம் பண்ணினவங்க கதை வேற, அவங்க உள்ள இருந்தே அப்ளை பண்ணலாம். முறையா விசாவோட உள்ள போய் காலாவதி ஆகியும் தங்கிட்டவங்க, புருஷன் சிட்டிசன்னா பெரும்பாலும் வழி உண்டு, ஆனா நடுவுல ஊருக்கு வந்துடாதீங்க. 180 நாளுக்கு மேல ஓவர்ஸ்டே ஆகி வெளிய வந்தா 3 வருஷம், ஒரு வருஷம் தாண்டியிருந்தா 10 வருஷம் உள்ள விடமாட்டாங்க. விசாவே இல்லாம எல்லை தாண்டிப் போன ராணுவக் குடும்பத்துக்கு பரோல் இன் பிளேஸ்னு (நாட்டை விட்டு வெளிய போகாமலே தங்க அனுமதி) ஒண்ணு இருக்கு, அது முழுக்க அதிகாரி மனசுல இருக்கற விஷயம், வக்கீல் இல்லாம தொடாதீங்க.

மெடிக்கல், போலீஸ் சர்டிபிகேட், இன்டர்வியூ எல்லாம் எங்க?

போலீஸ் கிளியரன்ஸ் பாஸ்போர்ட் ஆபீஸ் வழியா. துபாய், சிங்கப்பூர் மாதிரி இடத்துல ஒரு வருஷத்துக்கு மேல இருந்திருந்தா அந்த நாட்டு சர்டிபிகேட்டும் வேணும், அதை இங்க இருந்து வாங்க நாள் ஆகும், முதல்லயே ஆரம்பிங்க. மெடிக்கல் தூதரகம் ஒத்துக்கிட்ட டாக்டர்கிட்ட மட்டும்தான், சென்னைல இருக்காங்க. 1907ல இருந்து பாஸ்டர் இன்ஸ்டிடியூட் நம்ம குன்னூர்ல இருக்கு, நாட்டுக்கே தடுப்பூசி இங்க இருந்து போகுது, ஆனா ஊசி போட்ட சீட்டை அந்த டாக்டர்தான் பார்த்து ஏத்துக்கணும். சின்ன வயசு தடுப்பூசி அட்டை இருந்தா தேடி எடுத்துட்டுப் போங்க, திரும்பக் குத்தறது மிச்சம்.

இமிக்ரன்ட் விசா இன்டர்வியூ இந்தியாவுல மும்பைலயோ டெல்லிலயோதான், நம்ம பக்கத்துக்குப் பெரும்பாலும் மும்பை. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை தேதி விழுந்தா மலையை விட்டு ரெண்டு நாள் முன்னாடியே இறங்கிடுங்க. பர்லியார் பக்கம் மண்ணு சரிஞ்சா கோத்தகிரி ரோட்டுல திருப்பி விடுவாங்க, அங்கயும் மரம் விழுந்திருந்தா கோயம்புத்தூர் ஃப்ளைட் போனதுதான்.

அவர் டிப்ளாய் ஆகிட்டார், போன்ல கூடக் கிடைக்கல. இன்டர்வியூக்கு அவர் வேணுமா?

மும்பை இன்டர்வியூக்கு மனு போட்டவர் வரணும்னு கட்டாயம் இல்ல. அவர் கையெழுத்துப் போட வேண்டிய ஐ-864, வரிப் பேப்பர், சம்பளச் சீட்டு எல்லாத்தையும் கிளம்பறதுக்கு முன்னாடி வாங்கிடுங்க. பேங்க், வீட்டு வாடகை மாதிரி விஷயத்துக்கு உங்க பேர்ல பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைக்கச் சொல்லுங்க, பேஸ்லயே எழுதித் தருவாங்க.

அதோட நேஷனல் விசா சென்டர் கேஸ் நம்பர், ஐ-130 ரசீது நம்பர், லாகின் பாஸ்வேர்டு உங்க கைல இருக்கட்டும். "எல்லாம் அவர்கிட்ட இருக்கு"ன்னு சொல்ற பொண்ணுங்களைப் பார்த்தாத்தான் எனக்கு பயமா இருக்கும். இது உங்க ஃபைல். ஒரு பிளாஸ்டிக் கவர்ல எல்லாத்துக்கும் ஒரு செட் ஒரிஜினல், ஒரு செட் செராக்ஸ், போன்ல ஸ்கேன், மூணும் உங்ககிட்ட இருக்கணும்.

அமெரிக்கா போயாச்சு. இனிமே பேப்பர் வேலை முடிஞ்சுதா?

இல்லங்க. கல்யாணமாகி 2 வருஷம் ஆகறதுக்குள்ள போய் இறங்கினா கிடைக்கறது 2 வருஷக் கார்டு. அது முடியறதுக்கு முந்தின 90 நாளுக்குள்ள ரெண்டு பேரும் சேர்ந்து ஐ-751 (நிரந்தரக் கார்டா மாத்தற மனு) போடணும். அவர் வெளிநாட்டுல டியூட்டின்னாலும் போட்டாகணும், ஆர்டர் காப்பி இணைச்சு. அவர் மறந்தாலும் நீங்க மறக்கக்கூடாது, கார்டு உங்க பேர்லதான் இருக்கு.

ஆர்மிக் குடும்பத்துக்கே உரிய தலைவலி அட்ரஸ். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா டெக்சாஸ், அப்புறம் நார்த் கரோலினா, அப்புறம் வாஷிங்டன்னு மாத்திட்டே இருப்பாங்க, நீங்க பெட்டி கட்டற நேரத்துல கைரேகை நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய் நிக்கும், போகலைன்னு கேஸை மூடிடுவாங்க. வீடு மாறி 10 நாளுக்குள்ள இமிக்ரேஷன் ஆபீஸ்ல அட்ரஸ் மாத்தணும், ஏஆர்-11ன்னு பேர், ஆன்லைன்ல ஃப்ரீயாவே பண்ணலாம். போஸ்ட் ஆபீஸ்ல மாத்தினா இங்கயும் மாறிடும்னு நினைக்காதீங்க, அது தனி, இது தனி.

ஜெர்மனிக்கோ கொரியாவுக்கோ போஸ்டிங் போட்டா என் கிரீன் கார்டு போயிடுமா?

அவர் ஆர்டர்ல உங்க பேரும் சேர்ந்து, நீங்க அவரோட இருக்கறதுக்காகப் போயிருந்தா போகாது, வருஷக் கணக்கா வெளிய இருந்தாலும் திரும்ப உள்ள விட விதில தனி இடம் இருக்கு. ஆர்டர் காப்பியை பாஸ்போர்ட்டோடயே வெச்சுக்கணும். நீங்க இந்திய பாஸ்போர்ட்ல போறதால அந்த நாட்டு விசாத் தேவை என்னன்னு தனியாப் பாருங்க, அவருக்குத் தேவையில்லைன்னா உங்களுக்கும் தேவையில்லைன்னு அர்த்தம் இல்ல. ஆனா அவர் கொரியால, நீங்க குன்னூர்ல அம்மா வீட்லன்னா இந்தச் சலுகை பேசாது, அது சாதாரணமா வெளிய தங்கின கணக்குதான்.

சிட்டிசன் ஆகறதுக்கு இந்த போஸ்டிங் உதவும். சாதாரணமா சிட்டிசனோட பொண்டாட்டி கார்டு வாங்கி 3 வருஷம் அங்க இருக்கணும். வெளிநாட்டு ஆர்டர் இருந்தா ரெண்டு வழி. அங்க அவரோட இருக்கற நாளையே அமெரிக்கால இருந்த நாளா எண்ணி, 3 வருஷம் ஆனதும் வெளிநாட்டுலயே உறுதிமொழி எடுக்கலாம். இல்ல, 319பி-ன்ற பிரிவுல, கார்டு கைல இருந்தா காத்திருப்புக் காலமே இல்லாம அப்ளை பண்ணலாம், யூனிட்ல டிடி-1278ன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கணும், இன்டர்வியூவும் உறுதிமொழியும் அமெரிக்க மண்ணுல நடக்கும். என்-400 ஃபீஸ் அவருக்குத்தான் இல்ல, உங்களுக்கு உண்டு.

அடிக்கிறார். விட்டுட்டு வந்தா கார்டைப் பிடுங்கிடுவேன்னு மிரட்டறார்.

அவரால பிடுங்க முடியாது. இதை ரெண்டு தடவை படிங்க. அடி, மிரட்டல், கொடுமைக்கு ஆளான பொண்டாட்டி புருஷன் இல்லாமலே தனியா மனு போடலாம், ஐ-360ன்னு ஃபாரம், விஏடபிள்யூஏன்ற பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம். அவர்கிட்ட எதையும் சொல்லக்கூடாதுன்னு இமிக்ரேஷன் ஆபீஸையே சட்டம் கட்டிப் போட்டிருக்கு. கொடுமை பண்றவர் அமெரிக்க ராணுவத்துல இருக்கறவர்னா நீங்க அமெரிக்காவுக்கு வெளிய இருந்துட்டே கூட இந்த மனு போடலாம், இது நிறைய வக்கீலுக்கே சட்டுனு ஞாபகம் வராது. 2 வருஷக் கார்டுல இருக்கறவங்க ஐ-751ஐ அவர் கையெழுத்து இல்லாம போடவும் வழி இருக்கு. ஒவ்வொரு பேஸ்லயும் வீட்டு வன்முறைக்கு உதவ ஃபேமிலி அட்வகசி புரோகிராம்னு ஒண்ணு இருக்கு. மேலதிகாரிக்குத் தெரியாம ரகசியமாச் சொல்லலாமா, கேஸா எடுக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ற வசதி அங்க உண்டு, போனதும் முதல்ல அதைக் கேட்டுக்கோங்க.

ஊர்ல என்ன சொல்வாங்களோன்னு யோசிச்சு பாஸ்போர்ட்டை அவர் பீரோலயே விட்டு வெச்சிருக்காதீங்க.

கேட்கவே சங்கடமா இருக்கு, அவருக்கு ஏதாவது ஆயிட்டா?

சிட்டிசனா இருந்த புருஷன் இறந்துட்டா ஓடிட்டு இருக்கற ஐ-130 விதவை மனுவா மாறும். மனு போடவே இல்லைன்னா 2 வருஷத்துக்குள்ள நீங்களே போடலாம். சேவைல இருக்கறப்போ இறந்த சிட்டிசனோட மனைவி, கார்டு வாங்கினதும் காத்திருப்புக் காலம் இல்லாம சிட்டிசன்ஷிப்புக்கும் போகலாம்.

ஃபேஸ்புக்ல ஒரு அமெரிக்கன் ஆர்மி ஆபீசர் பழக்கம். கல்யாணத்துக்கு வர லீவு ஃபீஸ் கட்டணும்னு 80,000 ரூபா கேட்கறார்.

கட்டாதீங்க, அவர் ஆர்மியும் இல்ல, ஆபீசரும் இல்ல. அமெரிக்க ராணுவத்துல லீவுக்கு ஃபீஸ் கிடையாது, பியான்சே ஃபாரம் ஃபீஸ் கிடையாது, கஸ்டம்ஸ்ல தங்கப் பெட்டி மாட்டிக்கிட்டதும் கிடையாது. வீடியோ கால் வரமாட்டேன்றார், சிரியால இருக்கேன்றார், பொண்டாட்டி செத்துப் போச்சுன்றார், இல்லையா? எல்லாருக்கும் அதே கதைதான். டாட் மில்னு முடியற மெயில்ல இருந்து ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்க, அன்னைக்கோட காணாமப் போயிடுவார். பணம் போயிருந்தா உடனே 1930க்கு (சைபர் மோசடி ஹெல்ப்லைன்) போன் பண்ணுங்க, முதல் சில மணி நேரத்துல சொன்னாத்தான் பேங்க்ல நிறுத்த வாய்ப்பு.

எங்க வீட்ல தலைகீழ். அண்ணன் இந்திய ஆர்மி, வெளிநாட்டுப் பொண்ணைக் கட்டிக்கணும்றான்.

கல்யாணத்துக்கு முன்னாடியே மேலிடத்து அனுமதி வாங்கணும், வாங்காம கட்டிக்கிட்டா வேலை போற அளவுக்குப் போகும். அந்தப் பொண்ணு இங்க இருக்க என்ட்ரி விசா, வெளிநாட்டவர் பதிவு ரெண்டும் ஆன்லைன்ல. பழைய 1946 சட்டம் போய் 2025 செப்டம்பர் 1ல இருந்து புது குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் வந்தாச்சு. கல்யாணமாகி 2 வருஷம் ஆனா ஓசிஐக்கு (விசா இல்லாம இந்தியா வந்து போக, தங்க வெளிநாட்டுக் குடிமக்களுக்குக் கொடுக்கற கார்டு) அப்ளை பண்ணலாம், இந்தியக் குடியுரிமைக்கு 7 வருஷம் இங்க வாழ்ந்திருக்கணும்.

வீட்டுக்காரர் ஓசிஐ கார்டு வாங்கிட்டா ஊருக்கு வந்து போக ஈஸியா இருக்குமே?

வெளிநாட்டு ராணுவத்துல இருக்கறவங்களுக்கும் அதுல இருந்து ரிட்டயர் ஆனவங்களுக்கும் ஓசிஐ கிடையாதுன்னு இந்திய அரசு விதி. நம்ம ஊர்ல பிறந்து வளர்ந்தவரா இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் விசா எடுத்துத்தான் வரணும். ஃபாரம்ல ராணுவத்துல இருந்தீங்களான்னு ஒரு கேள்வி வரும், உண்மையை எழுதணும், அதுக்கு நாள் பிடிக்கும்னு கணக்குப் பண்ணி முன்கூட்டியே போடணும். தாத்தா தவறிட்டார்னா அடுத்த ஃப்ளைட்ல வர்றது இவருக்கு முடியாம போகலாம், வீட்ல இதை முதல்லயே சொல்லி வைங்க, அப்புறம் கோவிச்சுக்கிட்டுப் பிரயோஜனம் இல்ல.

நான் அமெரிக்க சிட்டிசன் ஆயிட்டா எங்கப்பாவோட தேயிலைத் தோட்டம்?

சிட்டிசன் ஆன நிமிஷமே இந்தியக் குடியுரிமை போயிடும், ரெண்டும் வெச்சுக்க முடியாது. பாஸ்போர்ட்டை சரண்டர் பண்ணிட்டு நீங்க ஓசிஐ வாங்கலாம், தடை அவருக்குத்தான். ஓசிஐல விவசாய நிலம், தோட்டம், ஃபார்ம் ஹவுஸ் புதுசா வாங்க முடியாது, ஆனா அப்பா வழியா வாரிசா வர்றதை வெச்சுக்கலாம். "அவதான் அமெரிக்காக்காரி ஆயிட்டாளே, பங்கு எதுக்கு"ன்னு அண்ணன் தம்பி சொன்னா அது சட்டம் இல்ல, ஆசை.

அம்மா அப்பாவை எப்ப கூட்டிட்டுப் போகலாம்?

நிரந்தரமான்னா நீங்க சிட்டிசன் ஆன அப்புறம்தான், 21 வயசும் ஆகியிருக்கணும். கிரீன் கார்டுல இருக்கறப்போ அப்பா அம்மாவுக்கு மனு போட முடியாது. பிரசவத்துக்கு வந்து பார்த்துட்டுப் போகணும்னா விசிட்டர் விசா, இன்டர்வியூ சென்னைலயே இருக்கு. "எதுக்குப் போறீங்க"ன்னு கேட்டா பொண்ணு பிரசவத்துக்குன்னு நேரா சொல்லச் சொல்லுங்க, சுத்திப் பார்க்கன்னு சொல்லி ஆரம்பிச்சா அடுத்த கேள்விலயே மாட்டிக்குவாங்க. தோட்டத்துப் பட்டா, பேங்க் பாஸ்புக், ரிட்டயர் ஆனவர்னா பென்ஷன் பேப்பர் கைல இருக்கட்டும், திரும்பி வர்றதுக்கு இங்க என்ன இருக்குன்னு கேட்டா அதுதான் பதில்.